தாத்தாவின் தகரப்பெட்டியில் 63 வெளிநாட்டு நோட்டுகள்: மதிப்பு எவ்வளவு, உரிமை யாருக்கு?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

சிவகங்கை மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா சிறு வயதிலேயே செட்டியார் கடையொன்றுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை பார்க்கும் கடைநிலைப் பையனாக, ரங்கூன் போனவர். பிறகு அடுத்தாளாக, அதாவது கடை முகவரின் உதவியாளராக, உயர்ந்து, போர்க்காலம் முழுவதும் அங்கேயே இருந்து, 1964இல் ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலில் ஊர் திரும்பினார், 1971இல் காலமானார். அப்பா 1970களில் சிங்கப்பூரில் வேலை பார்த்து ஊரோடு வந்து சேர்ந்தவர். இரண்டாண்டுகளுக்கு முன் மறைந்தார். பழைய வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகப் பரணைக் காலிசெய்தபோது தகரப்பெட்டி ஒன்று அகப்பட்டது. அதற்குள் மஞ்சள் துணிப்பையில் 63 நோட்டுகளும், தாத்தாவின் கையெழுத்தில் ஒரு கணக்குச் சீட்டும் இருந்தன.

வாசகர் ஆசிரியைக்கே உரிய ஒழுங்கோடு பட்டியல் போட்டிருக்கிறார். ஜப்பானிய அரசாங்கத்தின் பெயரில் வாழைமரப் படம் போட்ட 10 டாலர் நோட்டுகள் 17. அதே அரசாங்கத்தின் பெயரில் ரூபாய் நோட்டுகள் 23. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலையோடு ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் அச்சிட்ட 10 ரூபாய் நோட்டுகள் 4. 1941ஆம் ஆண்டின் மலாயா ஒரு டாலர் நோட்டுகள் 2. ஆங் சான் படம் போட்ட பர்மிய 100 கியாட் நோட்டுகள் 6. சிங்கப்பூர் நோட்டுகள் 11. மலாயா நோட்டுகளையும் வாழைமர நோட்டுகளையும் பினாங்கில் இருந்த சின்னத் தாத்தா போர் முடிந்து ஊர் வந்தபோது தம் அண்ணனிடம் கொடுத்தாராம்.

இணையத்தில் நோட்டுகளின் படத்தைப் போட்ட மறுநாளே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 5 லட்சம் ரூபாய் தருவதாகவும், அதற்கு முன் ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணமாக 8,500 ரூபாய் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். ஆதார் நகலும் கேட்டு வாங்கியிருக்கிறார். தம்பியோ, “தாத்தா சொத்து ஆண் வாரிசுக்குத்தான்” என்கிறார். இவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றமோ என்ற பயம் வேறு. இவற்றின் மதிப்பு என்ன, யாருக்குச் சேரும், என்ன செய்வது என்பவை கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் வாரிசுரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன். பல ஆண்டுகளாகப் பழைய நோட்டுகளைச் சேகரித்தும் வருகிறேன். ஆகவே உங்கள் கடிதத்தை இரண்டு கண்ணாலும் படித்தேன். பயப்படும்படியாக நீங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஆனால் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த 8,500 ரூபாயை அனுப்பாதீர்கள்

பழைய நோட்டு, நாணயங்களை வாங்கவோ விற்கவோ ரிசர்வ் வங்கி யாரையும் நியமிக்கவில்லை; அதற்காகக் கட்டணமோ கமிஷனோ வாங்குவதும் இல்லை. தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. பொருளை வாங்குகிறவன் விற்கிறவரிடம் பணம் கேட்கும் வியாபாரம் எந்த ஊரிலும் கிடையாது. 8,500 கொடுத்தால் அடுத்து வரி என்பார்கள், பிறகு காப்பீடு என்பார்கள். 5 லட்சம் மட்டும் வராது. இப்படி மூன்று தவணையாகப் பணம் கட்டிவிட்டு, அதன் பிறகு என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் இருவர் உங்களைப் போலவே ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள்.

ஆதார் நகலை அனுப்பியதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் இன்றே ஆதார் இணையதளத்தில் விரல்ரேகைப் பூட்டு வசதியைப் பயன்படுத்துங்கள். வங்கிக் கிளைக்கு நேரில் போய் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அந்த ஆள் அனுப்பிய செய்திகளை அழித்துவிடாதீர்கள், அவைதாம் சாட்சி.

நோட்டைப் படிக்கும் முறை

‘ஒரு நோட்டின் மேல் எழுதியிருக்கும் தொகையை இன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கினால் அதன் மதிப்பு வந்துவிடும்’ என்று நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். பலரும் செய்யும் பிழைதான் இது. நோட்டின் மதிப்பு, அதை வெளியிட்டது யார், அந்த வெளியீடு இன்றும் செல்லுமா, செல்லாதெனில் சேகரிப்பவர்களுக்கு அது அரிதா, தாள் எந்த நிலையில் இருக்கிறது என்ற நான்கையும் பொறுத்தது. எனவே ஒவ்வொரு நோட்டிலும் வெளியிட்டவர் பெயர், தேதி, கையொப்பம், எண்ணும் அதன் முன்னெழுத்தும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் உலக நோட்டுகளை வரிசைப்படுத்தியதால் சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு வகையையும் ‘பிக் எண்’ சொல்லியே அடையாளம் காட்டுவார்கள். வியாபாரியிடம் பேசும்போது அந்த எண் உங்களுக்கும் தெரிந்திருந்தால் ஏமாற்றுவது கடினம்.

வாழைமர நோட்டை எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய படத்தில் குலை தள்ளிய வாழை தெளிவாகத் தெரிகிறது. கீழே சிவப்பில் எம் என்று தொடங்கும் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் தாங்கள் பிடித்த நாடுகளுக்கெல்லாம் தனித்தனி நோட்டு அடித்தார்கள். மலாயாவுக்கு எம் (M), பர்மாவுக்கு பி (B) என்று முதலெழுத்தே நாட்டைச் சொல்லிவிடும். மலாயாவில் நம்மவர் வெள்ளி என்று சொன்ன புழக்கப் பணத்தின் பெயராலேயே டாலர் என்றும், பர்மாவில் ரூபாய் என்றும் அச்சிட்டார்கள். தொடக்கத்தில் வந்த மலாயா நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணைக்கூட விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் போட்டு அச்சடித்துத் தள்ளினார்கள். விலைவாசி ஏறியதற்கும், போர் முடிவில் மூட்டை மூட்டையாக நோட்டு இருந்தும் அரிசி வாங்க முடியாமல் போனதற்கும் அந்த எண்ணில்லாத தாளே காரணம். 1945இல் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் இவை செல்லாது என்று அறிவித்தது.

அந்த 10 டாலர் நோட்டில் ‘கேட்டவுடன் கொடுப்பதாக உறுதியளிக்கிறது’ என்ற வாசகம் இருப்பதால் ஜப்பானிய அரசு இன்றும் பணம் தரக் கடமைப்பட்டது அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயத்தின் பார்வையில் உங்கள் கேள்வி சரியே. ஹாங்காங் மக்கள், தங்களிடம் கட்டாயமாகத் திணிக்கப்பட்ட ஜப்பானிய இராணுவ யென் நோட்டுகளுக்காக டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1999இல் அது தள்ளுபடியானது. இந்த வழியில் நீங்கள் காலத்தையும் காசையும் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

ஜப்பானிய நோட்டுகள் ஏராளமாக அச்சிடப்பட்டவை, ஏராளமாகவே மிஞ்சியும் இருக்கின்றன. சாதாரண வகைகள் நோட்டுக்குச் சில பத்து ரூபாயிலிருந்து சில நூறு ரூபாய்க்குள்தான் கைமாறும். உங்கள் 17 வாழைமர நோட்டுகளில் வரிசை எண் உள்ளது ஏதேனும் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்குக் கூடுதலாகக் கிடைக்கும். தம்பியின் நண்பர் இருப்பதாகச் சொன்ன ‘நேதாஜி பேங்க்’ நோட்டு எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. 1944 ஏப்ரலில் ரங்கூனில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கப்பட்டது உண்மை. ஆனால் அதன் பெயரில் சந்தையில் சுற்றும் தாள்களில் போலிகள் மிக அதிகம். யாராவது மாற்றிக்கொள்ள நீட்டினால் வாங்காதீர்கள்.

என் கண் நின்ற இடம் அந்த நான்கு 10 ரூபாய் நோட்டுகள். 1937 ஏப்ரல் 1இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிந்தது. ஆனாலும், ஜப்பானியர் பிடித்திருந்த காலம் நீங்கலாக, 1947 வரை அந்நாட்டு நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கிதான் கவனித்தது. பிரிந்த புதிதில் இந்திய நோட்டுகளின் மேலேயே ‘பர்மாவில் மட்டும் சட்டப்படி செல்லும்’ என்று கூடுதலாக அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டார்கள். 1945இல் பிரிட்டிஷ் படை திரும்பியபோது அதோடு ‘பர்மா இராணுவ நிர்வாகம்’ என்ற வாசகமும் சேர்ந்தது. சேகரிப்பாளர்கள் இந்த மேலச்சை ஓவர்பிரிண்ட் என்பார்கள். உங்கள் நோட்டுகளில் இருப்பது ஆறாம் ஜார்ஜ் தலை; இராணுவ நிர்வாகத்தின் பெயரும் உண்டு என்கிறீர்கள். ஆகவே இவை 1945ஆம் ஆண்டு வகை. பெட்டியில் அதிகக் கவனம் பெறத் தக்கவை இவைதாம். ஆனால் சாதாரண இந்திய நோட்டின் மேல் பின்னாளில் அந்த வாசகத்தைப் போலியாக அச்சிட்டு விற்கும் வழக்கமும் உண்டு. நோட்டின் மடிப்புக்கோடு அந்த எழுத்துகளின் குறுக்கே ஓடும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். மடிப்பில் எழுத்தின் மை தேய்ந்திருந்தால் எழுத்து முதலில் இருந்தது, மடிப்பு பிறகு விழுந்தது என்று பொருள். உடைந்த மடிப்புக்குள் மை இறங்கிப் பரவியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். உங்கள் பெட்டி ஒரே வீட்டில் இருந்தது என்பதால் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. இருந்தாலும் வாங்குபவர் இதைப் பார்ப்பார்.

100 கியாட் நோட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது மனம் கனக்கிறது. உங்கள் கணக்கில் 600 கியாட் என்று எழுதி இன்றைய விகிதம் போட்டிருக்கிறீர்கள். பர்மாவில் 1963இல் வங்கிகளும், 1964இல் கடைகளும் நாட்டுடைமையாயின. அதே 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. உங்கள் தாத்தா கப்பலேறிய ஆண்டும் அதுதான். அவர் கையிலிருந்த அந்த ஆறு தாள்கள் ஒரே நாளில் வெறும் தாளாகியிருக்கும். எந்த வங்கியும் இவற்றை மாற்றித் தராது. சேகரிப்பாளர் விலையும் பெரிதாக இராது. மலாயா ஒரு டாலர் நோட்டுகளும் செல்லாதவைதாம். ஆனால் 1941 ஜூலை 1 தேதியிட்ட அந்த வகையை விரும்பி வாங்குவோர் உண்டு. மடிப்பில்லாமல் இருந்தால் நல்ல விலை போகும்.

சிங்கப்பூர் நோட்டுகளின் கதை வேறு. அங்கே 1967 முதல் வெளியான எல்லா நோட்டுகளும் இன்றும் செல்லும். ஆர்க்கிட் பூப் போட்ட உங்கள் 11 நோட்டுகளின் முகமதிப்பு 191 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். அதில் ‘25 வெள்ளி என்று ஒரு நோட்டு உண்டா, அது பொய் நோட்டோ’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, அந்த வரிசையில் வந்த தொகை அது. இன்று யாரும் அதைக் கடையில் கொடுத்துச் செலவழிக்க மாட்டார்கள், ஏனெனில் முகமதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்துச் சேகரிப்பாளர்கள் வாங்குகிறார்கள். மற்ற பத்தில் கசங்கியவற்றை, அங்கே இருக்கும் உறவினர் யாராவது வரும்போது கொடுத்தனுப்பி அங்குள்ள வங்கியில் மாற்றச் சொல்லுங்கள். இங்குள்ள நாணய மாற்றுக் கடைகள் பழைய வரிசை நோட்டைத் தயங்கித் தள்ளிவிடக்கூடும்.

வைத்திருப்பது குற்றமா?

இல்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999, தன் 6(4) பிரிவில், வெளிநாட்டில் வசித்த காலத்தில் ஒருவர் ஈட்டிய வெளிநாட்டுப் பணத்தை அவர் இந்தியா திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாகப் பெற்றதற்கும் அதே பிரிவு பொருந்தும். அப்பா வைத்திருந்தது முற்றிலும் முறையானது. உங்கள் கைக்கு வந்திருக்கும் செல்லுபடியாகும் பணம் 191 வெள்ளிதான். இந்தியாவில் வசிப்பவர் பொதுவாகக் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய 2,000 அமெரிக்க டாலர் வரம்பின் அருகில்கூட அது வராது. செல்லாத நோட்டுகள் நடைமுறையில் சேகரிப்புப் பொருள்களே.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. அதிக விலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் 100 ஆண்டுகளைக் கடந்த பொருள்களையும், வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களாயின் 75 ஆண்டுகளைக் கடந்தவற்றையும் நாட்டைவிட்டு வெளியே அனுப்பத் தடை விதிக்கிறது. போர்க்கால நோட்டுகள் 75ஐத் தாண்டிவிட்டன. ஆகவே தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் அனுப்புவது சரியல்ல. இன்னொன்று, இப்படிப்பட்ட பெட்டிகளில் 2016இல் செல்லாமல் போன நம் 500, 1000 ரூபாய் நோட்டுகளும் ஒளிந்திருப்பது வழக்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைப் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை வைத்திருக்கலாம். பெட்டியின் அடித்தாளைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

பங்கு யாருக்கு?

இங்கே தம்பி, நீங்கள் இருவருமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ‘ஆண் வாரிசுக்குத்தான்’ என்பது சட்டத்தில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956 முதலே, உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. ‘அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் நான், பெட்டியைக் கண்டெடுத்தவளும் நான்’ என்று நீங்கள் எழுதியிருப்பதில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் அது தனி உரிமையைத் தராது.

கடிதத்தின் நடுவே ஒரு வரியில் மட்டும் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோன ஒருவரை நீங்கள் இருவருமே மறந்துவிட்டீர்கள். மதுரையில் மகன் வீட்டில் இருக்கும் 84 வயது அத்தை. தாத்தா 1971இல் இறந்தபோது பாட்டி, அப்பா, அத்தை மூவரும் சம வாரிசுகள். பாட்டியின் பங்கும் அவருக்குப் பின் அப்பாவுக்கும் அத்தைக்கும் பாதிப்பாதியாகச் சேர்ந்தது. ஆக, தாத்தாவுடைய 52 நோட்டுகளின் மதிப்பில் பாதி அத்தைக்கு. மறுபாதி அப்பா வழியாக உங்களுக்கும் தம்பிக்கும், ஆளுக்குக் கால் பங்கு. அப்பா ஈட்டிய 11 சிங்கப்பூர் நோட்டுகளில், அம்மாவும் இப்போது இல்லையென்பதால், உங்களுக்கும் தம்பிக்கும் சரிபாதி. அத்தையைக் கேட்காமல் ஒரு தாளை விற்றாலும், நாளை அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாரிசாக வந்ததற்கு வரி எதுவும் இல்லை. விற்று வரும் இலாபத்துக்கு மட்டும் அந்த ஆண்டு வருமானவரிக் கணக்கு போடுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இதற்காக நீதிமன்றம் போக வேண்டியதில்லை. எல்லா நோட்டுகளையும் முன்னும் பின்னும் படமெடுத்து, எண்களோடு பட்டியலிட்டு, மூவரும் கையெழுத்திட்ட ஒரு குடும்ப உடன்படிக்கைத் தாளைத் தயார்செய்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டால் போதும்.

இனி நோட்டுகளை என்ன செய்வது?

இரண்டு நோட்டுகளைச் சுருக்கம் போக இஸ்திரி போட்டதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இனி வேண்டாம். சூட்டில் தாளின் இயல்பான சொரசொரப்பும் மேடான அச்சும் படிந்துபோகும். அனுபவமுள்ளவர் விரலால் தடவியே அதைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார். நனைப்பது, அழிப்பானால் தேய்ப்பது, கிழிசலில் செல்லோடேப் ஒட்டுவது, லேமினேட் செய்வது எல்லாமே கெடுதல். பிசுபிசுக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் உறையும் காலப்போக்கில் தாளைக் கறைப்படுத்தும். சேகரிப்பாளர் கடைகளில் கிடைக்கும் பாலியெஸ்டர் உறைகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வையுங்கள். நாப்தலின் உருண்டை நோட்டின் மேல் படக் கூடாது. குண்டூசித் துளை, மடிப்பு, மூலை மழுங்கல் எதையும் மறைக்க முயலாதீர்கள். உள்ளது உள்ளபடி இருப்பதுதான் விலை.

மதிப்புக் கேட்பதற்கு ஒரே வியாபாரியை நம்ப வேண்டாம். சென்னையிலும் மதுரையிலும் நடக்கும் நாணயக் கண்காட்சிகளுக்குப் பட்டியலையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு போய், மூன்று பேரிடமாவது கேளுங்கள். அசல் நோட்டுகள் வீட்டிலேயே இருக்கட்டும். தரச்சான்று நிறுவனங்களிடம் அனுப்பி மதிப்பெண் வாங்குவதும் உண்டு. அதற்கு ஆகும் கட்டணம் உங்கள் ஜப்பானிய நோட்டுகளின் விலையைவிட அதிகமாகிவிடும். மேலச்சு போட்ட நான்கும், 25 வெள்ளியும், மலாயா இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். மொத்தப் பெட்டியையும் சேர்த்துப் பார்த்தாலும் 5 லட்சத்தின் பக்கத்தில் வராது என்பதை மனவருத்தத்தோடு சொல்கிறேன்.

அந்தக் கணக்குச் சீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. படத்தில் பார்த்தேன்: ரூலில்லாத தாள், பென்சில் எழுத்து, இலக்கமெல்லாம் ௧, ௨, ௩ என்று பழைய தமிழ் எண்களில், மேலே ‘ரங்கோன்’ என்று போட்டிருக்கிறார். அதை நோட்டுகளிலிருந்து பிரித்துவிடாதீர்கள். இவை யாரிடமிருந்து, எந்த ஊர் வழியாக வந்தன என்பதற்கு இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அதுதான்; விற்கும்போது அதன் நகலைக் காட்டினால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். எனக்கு அதில் பாதிதான் படிக்க முடிந்தது. ‘கிட்டங்கி’ (செட்டியார்கள் வெளிநாட்டில் தங்கித் தொழில் நடத்திய இடம்) என்ற சொல்லும் ஒரு பெண்பிள்ளையின் பெயரும் தெரிகின்றன. அது அத்தையின் பெயரா என்று தெரியவில்லை. பட்டியலோடும் உடன்படிக்கைத் தாளோடும் நீங்களும் தம்பியும் சேர்ந்தே மதுரைக்குப் போங்கள். போகும்போது அந்தச் சீட்டையும் எடுத்துப்போங்கள். அவர் வளர்ந்த வீட்டில் அந்த எண்களில்தான் கணக்கு எழுதினார்கள், அவருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்.